தாகம் அடங்காத கார்

“சாவிய இங்க குடுங்க மாப்பிள்ள. ஒயர் மாட்டுறதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க உள்ள போயி ஃபேன் காத்துல உக்காருங்க லா.”

கார் நிற்பதற்குள் மாமனார் முருகையா ஓடிவந்து கையை நீட்டினார். சசிதரனுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தான்.

பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர் முருகையா. இப்போது மூன்று புல் வெட்டும் மிஷின்களை வைத்துக்கொண்டு கோவில், பள்ளிக்கூடம், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் பழைய பங்களா என்று குத்தகைக்குப் புல் வெட்டுகிறார். சசிதரனுக்குச் சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை, அங்கேயே அடுக்குமாடி வீடு. அந்த வீட்டில் காருக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் கிடையாது.

கார் என்ன லேசுப்பட்ட காரா! பாதி கரண்டு, பாதி பெட்ரோல், நானூறு குதிரைச் சக்தி. செகண்ட்ஹேண்டுதான், இருந்தாலும் தெருவில் நிறுத்தினால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். சனிக்கிழமை மாமனார் வீட்டில் சார்ஜ் போட்டால் வாரம் முழுக்க வேலைக்குப் போய்வர அதுவே போதும், பெட்ரோல் சும்மா துணைக்கு என்று மனைவி மாதவியிடம் அடித்துப் பேசித்தான் அதை வாங்கினான்.

வாங்கி ஆறு மாதமாகிறது. பெட்ரோல் என்னமோ மாயமாய் மறைந்துகொண்டே இருக்கிறது.

“கரண்டுல ஓடும்னு சொன்னீங்க. அப்ப வாராவாரம் ஊத்துற எண்ணெய யாரு குடிக்கிறா?” என்று மாதவி பிடித்துக்கொண்டாள். “அப்பா வீட்லேருந்து திரும்புறப்ப ஹைவேல ஏறி மிதிக்கிறீங்க. எனக்குத் தெரியும்.”

மிதித்தது உண்மைதான். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவள், கூட வந்து பார்த்ததுபோல் எப்படித்தான் சொன்னாளோ!

வொர்க்‌ஷாப்பில் மூன்று தடவை காட்டினான். “ஒழுகல பாஸ். காடி நல்லாத்தான் இருக்கு, ஒங்க காலுதான் கனம்” என்று சொல்லிவிட்டான் மெக்கானிக். “இந்த மாசமும் எண்ணெக் காசு கொறயலன்னா காடி வீட்டுல இருக்கக்கூடாது” என்று கெடு வைத்தாள் மாதவி.

ஆசை ஆசையாய் வாங்கிய காராயிற்றே, விட மனசு வருமா? ஒரு மாதம் தொண்ணூறைத் தாண்டாமல் ஓட்டினான். கோழி ஏற்றிய லோரிகூட ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனது. அந்த மானக்கேட்டையும் பொறுத்துக்கொண்டான். பெட்ரோல் முள்ளுக்குத்தான் மனம் இரங்கவில்லை. கெடு நேற்றோடு முடிந்துபோனது.

மாமியார் செல்லம் சோற்றைக் குவித்து ஆட்டுக்கறிப் பிரட்டலை அள்ளி வைத்தாள். கை கழுவி வருவதற்குள் தலையணையும் வந்துவிட்டது.

“நல்லா தூங்குங்க மாப்பிள்ள. நாலு மணி வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டோம்.”

மற்ற சனிக்கிழமையென்றால் குறட்டை கிளம்பியிருக்கும். இன்று தூக்கம் எங்கே வருகிறது? ஆறு மாதமாக இந்த மனுஷன் வீட்டுக் கரண்டை உறிஞ்சுகிறோம், ஒரு நாளாவது பில்லைப் பற்றி வாய் திறந்தாரா? மாப்பிள்ளையிடம் போய்க் கேட்பதாவது! மரியாதை தெரிந்த மனுஷர். அது போதாதென்று, அவன் தூங்கும் நேரத்தில் காரையும் உள்ளும் புறமும் கழுவித் துடைத்துத் தருகிறார். விஷயத்தை அவரிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் முறை.

எழுந்து வாசலுக்கு வந்தான். முருகையா கையில் வாளி, தோளில் துணி, வாயில் வழக்கம்போல ஏலக்காய்.

“என்ன மாப்பிள்ள, தூங்கலியா?” என்று பதறினார்.

“மாமா, இந்தக் காடிய விக்கப் போறேன்.”

வாளி கை நழுவி விழுந்தது.

“ஐயையோ! ஏன் மாப்பிள்ள? தங்கமான காடியாச்சே!”

“எண்ணெ கட்டுப்படியாகல மாமா. அடுத்த மாசம் முழு கரண்டு காடி எடுக்கிறோம்.”

“முழு கரண்டுன்னா... எண்ணெயே ஊத்த வேணாமா?”

“ஒரு சொட்டு வேணாம்.”

“ஒரு அவசரத்துக்கு, சின்னதா ஒரு டேங்கியாச்சும்...”

“டேங்கியே கெடையாது மாமா. எல்லாம் ஒங்க வீட்டுக் கரண்டுதான்.”

முருகையா ஈரத்தரை என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. சசிதரன் அவர் பக்கத்தில் குனிந்தான். மகன் கார் போகிறதே என்று பெற்ற அப்பாகூட இப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டார்!

“மனச விடாதீங்க மாமா” என்று அவர் தோளைத் தொட்டான்.

அப்போது வீட்டின் பின்பக்கமிருந்து செல்லத்தின் குரல் கேட்டது. “ஏங்க, மாப்பிள்ள தூங்கியாச்சா? மூணு புல்லு மிஷினும் காலியா கெடக்கு, கரண்டு பில்லு வேற ஏறிப்போச்சு. இன்னிக்கு டேங்கியிலேருந்து ரெண்டு டப்பா கூடவே உறிஞ்சிருங்க” என்றபடி, ரப்பர்க் குழாயைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்து நின்றாள்.