டம்ளர் சத்தம்

புது ஸ்பீக்கர் வீடு முழுக்க மற்ற ஓசைகளை அழித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க வைக்கும். மாட்டிய அன்று, எந்தெந்தச் சத்தத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அது கேட்டது. காலிங் பெல், குக்கர் விசில் என்றான் இளஞ்சேரன்.

“என் குரல்?” என்றாள் மனைவி கோமதி.

“அதுக்குத்தானே இதையே வாங்கினேன்.”

“அப்போ சோறும் அதுகிட்டயே கேளுங்க.”

சிரித்துக்கொண்டே அவள் குரலையும் சேர்த்தான்.

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பாடகி மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. மூன்றாவது விசிலில் கோமதி அடுப்பை அணைத்தாள். மாமனாருக்கு ரசம் சாதம் பிசைந்து எடுத்துப் போனாள்.

பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு, அவர் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் காலைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவார். இப்போது தரையில் கிடந்தார். வேட்டி நனைந்து, காய்ந்தும் போயிருந்தது. கை மட்டும் டம்ளரை ஓங்கி ஓங்கிக் கட்டில் காலில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே நின்றவளுக்குப் பாட்டுதான் கேட்டது.

“ஏங்க, அதை நிறுத்துங்க!”

பாட்டு நின்றது. ணங், ணங் என்ற சத்தம் வீட்டை நிறைத்தது.

இளஞ்சேரன் ஓடிவந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தான். “கேக்குதுப்பா. இப்போ கேக்குது. விடுங்க.”

அவர் மகன் முகத்தைப் பார்த்தபடியே தட்டிக்கொண்டிருந்தார். அவன் சொன்னதை நம்பவில்லை.