கடல் பக்கம் திரும்பு

"சின்னப் பிள்ளையளுக்கு இடமும் வலமும் குழம்பும் மேடம். அதான் மாத்திப்போட்டன்," என்று சாரங்கன் திரையைக் காட்டினான்.

அவன் உருவாக்கிய கணினி மொழியில் எழுதவே தேவையில்லை. வண்ணக் கட்டங்களை இழுத்து அடுக்கினால் மேசைமேல் இருக்கும் பொம்மை ஓட்டோ ஓடும். ஒரு கட்டம் 'கடல் பக்கம் திரும்பு', மற்றது 'ரோட்டுப் பக்கம் திரும்பு'.

"கொழும்பு வெள்ளவத்தையில இது விளங்காத ஆளே இல்லை!"

பாடசாலைகளுக்காக அதைத் தெரிவுசெய்ய வந்த மிதுனா மேடம், ஜன்னலோரம் இருந்த ரோல்ஸ் தட்டுக்கு ஓட்டோவை அனுப்பக் கட்டங்களை அடுக்கினார். அது எதிர்ப்பக்கம் ஓடித் தேத்தண்ணியைக் கவிழ்த்தது. மறுபடி அடுக்கினார். இம்முறை மேசையிலிருந்தே குதித்தது.

"மேடம், ரோல்ஸ் ரோட்டுப் பக்கமெல்லோ இருக்கு!"

"என்ன தம்பி கதைக்கிறீங்க? அந்த ஜன்னலாலதானே காலை வெயில் வருது. சூரியன் கடலுக்குள்ள இருந்துதானே வரும்?"

சாரங்கன் எதிர் ஜன்னலால் தெரிந்த மேற்குக் கடலைப் பார்த்தான். "மேடத்துக்கு எந்த ஊர்?"

"கிழக்குக் கரை, மட்டக்களப்பு."

தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கூட்டாளி உஷாந்தி முணுமுணுத்தாள்: "நல்ல காலம், மலைக்குள்ள இருக்கிற நுவரெலியாக்காரர் ஒருத்தரும் வரேல்லை."