அறுபதில் ஆடும் வண்டி

ரெனிட்டா குத்தவைத்து உட்கார்ந்து, காரின் முன் சக்கரத்துக்குள் கையை விட்டு, அப்பிக்கிடந்த கரிசல் மண்ணைத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வழித்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணி.

"ஏட்டி, குழாயில தண்ணி வாரதே நாலு நாளைக்கு ஒருக்கா. அம்புட்டையும் இந்தக் காருக்கே ஊத்திரு" என்று பல் தேய்த்தபடி வந்தான் அவள் புருஷன் கிளாட்வின். ராஜபாளையத்தில் வீட்டை ஒட்டியே ஷெட் போட்டிருக்கும் மெக்கானிக்.

அவள் இன்னொரு கை மண்ணை வழித்துப் போட்டாள். போன வாரம் காருக்கு அடியில் படுத்தவன் கண்ணில் மண் விழுந்து, மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. அதிலிருந்துதான் இந்தக் கழுவல்.

கார் வாசுதேவுடையது. பழைய வண்டிதான். உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, மண் தரையில் ஓடும் ரேஸுக்காக மாற்றியிருந்தார். சாயங்காலம் வன்னியம்பட்டிப் பக்கம் ஈரம் காயாத கண்மாய்க்குள் ஓட்டிப் பழகிவிட்டு, இருட்டும்போது ஷெட்டில் கொண்டுவந்து விடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ரேஸ். கூட மெக்கானிக்காக கிளாட்வினையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன நாளிலிருந்து கிளாட்வினுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வண்டிக்கு ஒரு வியாதி.

"அறுபதத் தொட்டா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது கிளாட்வின்" என்றார் வாசுதேவ், மூன்றாவது நாளாக.

"அண்ணே, காலையில நான் சேத்தூர் வரைக்கும் எண்பதுல போயிட்டு வந்தேன். பச்சப்பிள்ளைய மடியில போட்டுட்டுப் போனாலும் முழிக்காது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"சொல்லலண்ணே. ஆனா ஆடலயே."

"ஓகோ! எனக்கு மட்டும் ஆடுதோ? காருக்கு ஆள் தெரியுதோ?"

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வீல் பேலன்ஸ் பார்த்தாயிற்று. டயரை மாற்றிப் போட்டாயிற்று. ஆக்சிலைக் கழற்றி மாட்டியாயிற்று. இன்ஜின் மவுண்ட் புதிது. காலையில் சாதுவாகப் போகிற வண்டி, சாயங்காலம் சாமி வந்ததுபோல் ஆடியது.

கிளாட்வின் வீட்டுக்குள் வந்து எரிந்து விழுந்தான். சோறு குழைந்தாலும் திட்டு, குழையாவிட்டாலும் திட்டு.

நாலாவது நாள் சாயங்காலம் வாசுதேவ் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"உன் ஷெட்டுல எவனோ என் வண்டியில கை வைக்கான். எவன்னு மட்டும் தெரியட்டும், இந்த ஊர்ல ஒரு டீக்கடை பாக்கி இல்லாம சொல்லிச் சிரிக்கேன்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட ரெனிட்டாவுக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்குக் கை நடுங்கினால் அதற்கும் என் புருஷன்தான் கிடைத்தானா?

அன்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் அவளால் வாளியைத் தொட முடியவில்லை. கிளாட்வின் அப்பிய மண்ணோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அரை மணி நேரத்தில் திரும்பி ஓடிவந்தான். கையில் காய்ந்த மண் கட்டி ஒன்று. சக்கரத்தின் உள்வளைவு அதில் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது.

"ஆடிச்சுட்டி! கிடுகிடுன்னு ஆடிச்சு! ரோட்டோரம் நிறுத்தி உள்ள கைய விட்டா, ஒரே பக்கமா இது கனமா அப்பிக் கெடக்கு. பேத்துப் போட்டேன், ஆட்டம் நின்னு போச்சு. கண்மாய் மண்ணுட்டி! இத்தன நாளும் இது எப்படி என் கண்ணுல..."

சுவரோரம் கவிழ்த்திருந்த வாளியைப் பார்த்ததும் அவன் பேச்சு நின்றது.

ரெனிட்டாவுக்கும் புரிந்துவிட்டது. தினமும் காலையில் வண்டியின் வியாதியை ஒட்டுமொத்தமாகக் கழுவி, தேறிய வண்டியை அவனிடம் கொடுத்தவள் அவள்தான். இன்றைக்கு வீடு ரெண்டுபட்டுவிடும் என்று நினைத்தாள். ஆனால் அவன் மண் கட்டியோடு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

பத்து மணிக்கு வாசுதேவ் வந்தார்.

"மண்ணா? வெறும் மண்ணா? அப்ப காலையில நீ ஓட்டும்போது மண்ணு எங்க போச்சு? எவன் எடுத்தான்?"

கிளாட்வின் கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"நாந்தாண்ணே. அடியில படுக்கணும்லா, அதான் கழுவிட்டு எடுப்பேன். நானே கழுவிட்டு, நானே ஓட்டிப் பார்த்துட்டு, உங்ககிட்ட ஆடலன்னு சாதிச்சிருக்கேன். புத்தியில்லாமப் போச்சு."

வாசுதேவ் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்ன நம்பியா கோயம்புத்தூர் போகப் பார்த்தேன்? நல்லவேள, தப்பிச்சேன். நீ வர வேண்டாம்ப்பா. மதுரையிலருந்து ஒரு ஆளப் பார்த்துக்கிடுதேன்."

"சரிண்ணே" என்றான் கிளாட்வின்.

ஷெட்டுக்கு ஆள் வந்தால் டீயைக்கூடப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறவள் ரெனிட்டா. அன்றைக்கு, அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையைத் தோளில் போட்டபடி விறுவிறுவென்று ஷெட்டுக்குள் வந்து நின்றாள்.

"அண்ணே, அவிய சொல்றது பொய்யி. அவிய கழுவவே இல்ல. தெனமும் கழுவினது நா—"

"ஏட்டி! உள்ள பிள்ள அழுதான், கேக்கலயா? போ, போய்ப் பாரு!" என்று கத்தினான் கிளாட்வின்.

அவள் தோளில் பிள்ளை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.