ஊற்றுத் தண்ணீர்

1670, பங்குனி மாதம். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வடக்கே இருந்த குப்பத்தில் மீனவன் பச்சைமுத்துவுக்கு இரண்டு மனைவிகள், எதிரெதிரே இரண்டு குடிசைகள்.

"நீ குந்துக்கா. உன் செடிக்கு நானே ஊத்தறேன்" என்று இளையவள் ராஜாத்தி, மணலூற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தைச் சரித்தாள்.

"இன்னாடி, உன் செடிக்கு ஊத்தலையா?" என்றாள் மூத்தவள் கோவிந்தம்மா.

"அதுக்கு அப்பால பாத்துக்கலாம். நீதானே பெரியவ."

கோட்டைக்கு மீன் கொண்டுபோகும் ராஜாத்திதான், தோட்டக்காரன் மாசிலாமணியிடம் அந்த இரண்டு கன்றுகளையும் வாங்கி வந்தாள். ஏதோ தீவிலிருந்து கப்பலில் வந்த செடியாம். ஐந்து இதழ், இளஞ்சிவப்புப் பூ. பெரிய கன்றைக் கோவிந்தம்மா முந்திக்கொண்டு எடுத்தாள்.

பச்சைமுத்து அன்றே சொல்லிவிட்டான்: "அமாவாச கழிச்சு மறுநாள் புதுக் கட்டுமரம் கடல்ல இறங்குது. எவ வாசல்ல பூ இருக்குதோ, அவ கையாலதான் மரத்துக்குப் பூ வைக்கணும். மொத கூடை மீனும் அவளுக்குத்தான்."

ராஜாத்தியின் செடி பூத்தது. கோவிந்தம்மாவின் செடியில் இலைதான் பழுத்தது.

"பச்சமுத்து எந்தக் குடிசையில தூங்குறான்னு செடிக்குக்கூட தெரிஞ்சுபோச்சுடி" என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மா சிரித்தாள்.

ராஜாத்தி மீன் கூடையோடு கிளம்பியதும், கோவிந்தம்மா சொம்பை எடுத்துக்கொண்டு உப்பு ஏரிக்கரைக்கு நடந்தாள். உப்புத் தண்ணீரை மொண்டு வந்து இளையவளின் செடி வேரில் ஊற்றினாள். அன்று மட்டுமல்ல, தினமும்.

செடி சாகவில்லை. கொத்தாகப் பூத்தது.

"இன்னாடி மந்திரம் வெச்சிருக்க?" என்றாள் பொறுக்க முடியாமல்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. உன் செடிதான் பாவம், வாடிக் கெடக்குது. இரு, இன்னொரு கொடம் கொண்டாறேன்" என்று ராஜாத்தி ஊற்றுக்கு ஓடினாள்.

அமாவாசைக்கு மறுநாள் காலை கோவிந்தம்மாவின் செடி தண்டு கறுத்து மணலில் சாய்ந்து கிடந்தது. புதுக் கட்டுமரத்தின் முன்முனையான அணியத்தில் ராஜாத்தி பூ வைத்தாள். ஊரே குலவையிட்டது.

உச்சிப் பொழுதில் கட்டுமரம் கரை திரும்பியது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மாசிலாமணி, கோவிந்தம்மாவின் வாசலில் குனிந்து செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்தான். வேர் கொழகொழவென்று கையோடு வந்தது.

"யாரும்மா இதுக்கு இவ்ளோ தண்ணி ஊத்தினது? உப்புத் தண்ணி பட்டாகூட தாங்கிக்கும். நல்ல தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். குடுக்கும்போதே ராஜாத்திகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

கோவிந்தம்மா திரும்பினாள். முதல் கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜாத்தி எதிரே வந்துகொண்டிருந்தாள்.

"சொம்பை உள்ள வெச்சிடுக்கா. இனிமே தினம் ஏரிக்குப் போயி கஷ்டப்படாத" என்று சொல்லிவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தாள்.