ஒரு குமிழியாவது

நான் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்த இன்டர்கூலரைக் குளியலறைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்தார் மெக்கானிக். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் காற்று இதில் கசிந்தால் கார் இழுக்காது. இரண்டு வாயையும் ரப்பரால் அடைத்திருந்தோம். நான் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன்.

"குமிழி வருதாண்ணே?"

"ஒண்ணுகூட இல்ல."

"திருப்பிப் பாருங்க."

திருப்பினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"பிரேக், கியர், டர்போ எல்லாம் பாத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. இன்னும் கொஞ்சம் அடிக்கிறேன்."

"வெடிச்சிடும் தம்பி! அவனவன் ஓட்டை இருக்கக் கூடாதுன்னு சாமி கும்பிடுறான். நீ என்னடான்னா ஓட்டை வேணும்னு அடம் பிடிக்கிறே!" சிரித்தார். "வண்டி யாருது?"

"மனைவியோடது."

"அப்ப அவங்ககிட்ட சொல்லு, வண்டி மேல ஒரு குத்தமும் இல்லன்னு."

சொல்ல அவள் இல்லை. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய அன்று, நடு ரோட்டில் அவள் கார் நின்றது. லாரி ஹாரன் அடித்தபடி நெருங்கியும் நகரவில்லை.

வண்டி இழுக்காததால்தான் செத்தாள் என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பிவிட்டார். நான்தான் பாக்கி இருந்தேன்.