பழைய ரப்பர்

ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்யும் மெக்கானிக், ஒருவழியாகச் சொந்த வீட்டு ஃப்ரிட்ஜில் கைவைத்தார். கம்ப்ரசருக்கு அடியிலிருந்த ரப்பர் தேய்ந்து, அதிர்வு தகரத்தில் ஏறி இரைந்துகொண்டிருந்தது. புது ரப்பர் போட்டதும் வீடு கப்சிப்.

அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போயிற்று. வெந்நீர்க் குளியல், சூடான பால், எதுவும் பலிக்கவில்லை.

“இன்னும் சத்தம் வருதா?”

“ஃப்ரிட்ஜ்ல இல்லைங்க. பழைய ரப்பரையே மாட்டிடுங்களேன்.”

“அந்த இரைச்சல்ல எப்படித் தூங்குவே?”

“இத்தனை நாள் அதுலதானே தூங்கினேன்? மாப்பிள்ளையை விட்டு வந்ததுலேர்ந்து பகல்ல சிரிச்சுட்டுத் திரியுறாளே நம்ம பொண்ணு, ராத்திரியில அவ அழுறது இப்பதான் கேக்குது.”

அவர் பழைய ரப்பரைக் குப்பையில் போட்டார். மனைவியின் தலையணையைக் கொண்டுபோய் மகளின் கட்டிலில் வைத்தார்.

மகள் அன்றும் அழுதாள், அம்மாவின் தோளில். பிறகு இருவரும் தூங்கிப்போனார்கள்.