உயிலில் ஒரு மருமகன்

நார்விச் ஆவணக் காப்பகத்தில் கிளைவ் லாம்பர்ட் மூன்று வருடமாக ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். 1641-இல் இறந்த கம்பளி வியாபாரி ஆம்ப்ரோஸ் லாம்பர்ட், தன் கடையை ‘மருமகன் ஜானுக்கு’ என்று உயில் எழுதியிருந்தார். கடையோடு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்ட அந்த ஜானின் வம்சம்தான் கிளைவ். ஆனால் ஜானைக் கட்டிக்கொண்ட மகளின் பெயர் எந்த ஞானஸ்நானப் பதிவேட்டிலும் இல்லை.

“கிடைச்சாளா உங்க ஆளு?” என்றாள் எதிரே ஏடு புரட்டிக்கொண்டிருந்த டெஸ்ஸா.

“கிண்டல் பண்ணாதே. வம்சப் படம் நாளைக்கு அச்சுக்குப் போகணும்.”

“அவ கிடைக்க மாட்டா, கிளைவ். பொறந்தாத்தானே கிடைக்க! அந்தக் காலத்து உயில்ல, பொண்டாட்டி முதல் புருஷனுக்குப் பெத்த பையனையும் ‘சன்-இன்-லா’, அதாவது மருமகன்னுதான் இங்கிலீஷ்ல எழுதுவாங்களாம். இதோ கல்யாணப் பதிவு. ஆம்ப்ரோஸ் கட்டினது ஒரு விதவையை. ஜான் அவ பையன்.”

கிளைவ் முகம் செத்துவிட்டது. “அப்போ என் உடம்புல லாம்பர்ட் ரத்தமே இல்லையா?”

“ஒரு சொட்டு இல்ல. மூக்கு மட்டும் அவரோடதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க.”

“சிரிக்காதே. வேற ஒருத்தன் பிள்ளைக்கு எவனாவது கடையை எழுதிவைப்பானா?”

“அம்மா போனப்புறம் நீங்க எனக்கு வீட்டை எழுதிவைக்கலையா? என்னைப் பெத்த அப்பாதான் லிவர்பூல்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரே.”

“அது வேற! நீ என் பொண்ணு!”

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“கத்தாதீங்க,” என்று டெஸ்ஸா பென்சிலை நீட்டினாள். “ஜானை ஆம்ப்ரோஸுக்கு நேர் கீழே எழுதுங்க.”